உடம்பின் உறுப்புகளை வைத்தே எண்ணும் மொழிகள் உண்மையில் உண்டா? அதில் கூட்டல் போட முடியுமா?

உண்டு. பப்புவா நியூ கினியில் நிறைய. 800க்கும் மேற்பட்ட மொழிகள் புழங்கும் நாடு அது. அங்கே மலைப்பகுதி மொழிகள் சிலவற்றில் உறுப்பின் பெயர்தான் எண். எங்கே முடியும் என்பதுகூட மொழிக்கு மொழி மாறும்: கோபோனில் 23, ஃபோயில் 37.

அதிகம் ஆராயப்பட்டது ஓக்சாப்மின். கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5, மணிக்கட்டு 6, முன்கை 7, முழங்கை 8, புஜம் 9, தோள் 10, கழுத்து 11, காது 12, கண் 13, மூக்கு 14. பிறகு மறுபக்கக் கண், காது என்று இறங்கி, அந்தக் கைச் சுண்டுவிரலில் 27. இன்னும் எண்ண வேண்டுமா? அதே கை மணிக்கட்டிலிருந்து திரும்ப ஏற வேண்டியதுதான்.

"இது நம்மகிட்டயும் இருக்கே" என்று யாராவது வருவார்கள். காரைக்குடியில் எங்க அப்பத்தா ஸ்லோகம் சொல்லும்போது கட்டைவிரலால் மற்ற நாலு விரல் கணுக்களைத் தொட்டே 12 வரை எண்ணிவிடுவார். பூ வாங்கினால் முழக்கணக்கு. கை குட்டையான பூக்காரம்மாவிடம் வாங்கக் கூடாது என்பது அவர் சட்டம். ஆனால் அப்பத்தா ஏழாவது கணுவைத் தொட்டாலும் வாய் 'ஏழு' என்றுதான் சொல்லும். ஓக்சாப்மின்காரருக்கு 'முன்கை' என்றாலே ஏழு. இரண்டும் ஒன்றல்ல.

கூட்டலுக்கு வருவோம். 1978இல் அங்கே போன ஜெஃப்ரி சாக்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்தது இதைத்தான். 6ம் 8ம் கூட்ட வேண்டும் என்று வையுங்கள். மணிக்கட்டு வரை எண்ணியாயிற்று. அடுத்த முன்கையிலிருந்து மேலே போகலாம். ஆனால் எட்டு உறுப்பு கடந்தாயிற்றா என்று எப்படித் தெரியும்? பழைய முறையில் இங்கேதான் தடுமாற்றம். கடை வைத்திருந்தவர்கள் வழி கண்டுபிடித்தார்கள். முன்கையைத் தொட்டு 'கட்டைவிரல்', முழங்கையைத் தொட்டு 'ஆள்காட்டி விரல்' என்று பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டே போவது. மூக்கைத் தொடும்போது வாயில் 'முழங்கை' வரும், அதாவது எட்டு. விடை மூக்கு, 14. யாரும் சொல்லிக்கொடுக்காமல் வியாபாரம் செய்தே கற்றது! வட்டிக்கணக்கிலேயே வளர்ந்த எங்க ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

காசும் இந்த முறையை மாற்றியது. ஆஸ்திரேலிய ஆட்சிக் காலத்தில் அங்கே புழங்கிய ஆஸ்திரேலியப் பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்பதால், பணம் எண்ணும்போது 27 வரை போகாமல் மறுகை முழங்கையோடு நிறுத்தி, அதையே ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டார்கள்.