அப்பாவின் மீசை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 74 வயது. நான்கு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. வாயில் வருவது ஒரே சொல்: "போடா." சின்ன வயதிலிருந்து அவரிடம் நான் அதிகம் கேட்ட சொல்லும் அதுதான். பதினோரு வருடமாக இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இப்போது வேலையை விட்டுவிட்டு ஊரில் அவர் கூடவே இருக்கிறேன். பக்கத்தில் போனாலே "போடா" என்கிறார். திடீரென்று அழுகிறார். போன வாரம் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த ஆள் தாடியோடு சேர்த்து மீசையையும் வழித்துவிட்டார். அன்று முழுக்க அப்பா சாப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். காலம் கடந்துவிட்டதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தப் "போடா." மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டு வலப்பக்கம் விழுந்தவர்களில் சிலருக்கு இப்படி ஒரே சொல் மட்டும் மிஞ்சும். தண்ணீர் கேட்க வாயெடுத்தாலும் அதுதான் வரும், "வாடா" என்று கூப்பிட நினைத்தாலும் அதுதான் வரும். பாரீஸை ஒட்டிய பிசெத்ர் மருத்துவமனையில் 1861-இல் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு எதைச் சொல்ல வந்தாலும் "டான்" என்றே வந்தது. அங்கே அவர் பெயரே டான் என்று ஆகிவிட்டது. பிறர் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. எண்ணிக்கை கேட்டால் இடது கை விரல்களால் காட்டுவார். கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு முழுசாக வந்து விழும். வசவு, ஒன்று இரண்டு மூன்று, கிழமைகள், பாட்டு எல்லாம் பழகித் தடம் விழுந்தவை. யோசித்துப் பேசும் பேச்சு அழிந்த பிறகும் அவை தங்கக்கூடும். ஆகவே அப்பாவின் சொல்லை விட்டுவிடுங்கள். குரல் ஏறுகிறதா இறங்குகிறதா, கண் எங்கே போகிறது என்று பாருங்கள். அழுகையும் அப்படித்தான். பக்கவாதத்துக்குப் பிறகு அழுகைக்கும் சிரிப்புக்கும் உள்ள பிடி தளர்ந்து, சிறு காரணத்துக்கும் பொங்கிவிடும். மருந்து உண்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அவர்தான் பார்க்க வேண்டும்.

மன்னிப்பைச் சொல்லுங்கள், காலம் கடக்கவில்லை. ஆனால் "என்னை மன்னிச்சிட்டீங்களாப்பா?" என்று கேட்காதீர்கள். பேச்சிழந்தவர்களுக்கு ஆம், இல்லை இரண்டும் மாறிப்போவதுண்டு. ஆம் என்று நினைத்துத் தலையை இடவலமாக ஆட்டிவிடுவார்கள். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு நீங்கள் வாழ்நாள் முழுக்கச் சுமக்கக்கூடாது. டிவியை அணைத்துவிட்டு, அவர் கண் மட்டத்தில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு சின்ன வாக்கியம். அவருக்குக் காது போகவில்லை, கத்த வேண்டியதில்லை. சொன்ன பிறகு பத்து விநாடியாவது சும்மா இருங்கள்.

அதற்கு நல்ல நேரம் சவர நேரம். அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, புரையேறாமல் இருக்க, எப்படியும் அரை மணி நேரம் அவரை நிமிர்ந்து உட்கார வைத்திருக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் போதும். கைப்பிடி வைத்த நாற்காலியில் ஜன்னல் வெளிச்சம் பார்த்து உட்கார வையுங்கள். தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும். அந்தக் கையை மடியில் தலையணை மேல் வையுங்கள். பல்செட் இருந்தால் வாயிலேயே இருக்கட்டும், கன்னம் குழியாமல் இருக்கும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று சீட்டைப் பாருங்கள். வார்ஃபரின் மாதிரி மருந்து என்றால் பிளேடே வேண்டாம், மின்சார ஷேவர்தான். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்றாலும் கவனம் தேவை. கீறிவிட்டால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். படிகாரம் அதற்குப் பிறகுதான்.

வெதுவெதுப்பான ஈரத்துணியை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வையுங்கள். சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டில் பாருங்கள். வலது கன்னத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டாலும் அவரால் காட்ட முடியாது. நுரை பூச பிரஷை அவர் இடது கையில் கொடுங்கள். ஐம்பது வருடம் அவரே செய்த வேலை அது, கோணல்மாணலாகப் பூசினாலும் பூசட்டும். உதட்டோரம் வழியும் நுரையை உடனே துடையுங்கள்.

புது பிளேடு. நல்ல பக்கமான இடது கன்னத்தில் தொடங்குங்கள். உங்கள் கை எப்படிப்பட்டது என்று அங்கேதான் அவருக்குத் தெரியும். தோலை மறு கையால் இழுத்துப் பிடித்து, முடி படிந்த வாக்கில், ஒரு அங்குலத்துக்கு மேல் போகாமல் வழியுங்கள். வலது கன்னம் தொங்கும். காதுப் பக்கமாக மேலே இழுத்துப் பிடிக்காவிட்டால் மடிப்பில் பிளேடு ஏறும், வெட்டு விழுவது பெரும்பாலும் அங்கேதான். கழுத்தில் முடி பல திசையில் கிடக்கும், விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லாதீர்கள், எச்சில் தொண்டையில் இறங்கிப் புரையேறும். தாடை முடி தடிமன், அது கடைசியில். அதுவரை நுரையில் ஊறட்டும்.

மீசையை இப்போதைக்குத் தொடாதீர்கள். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறு வாரத்தில் ஓரம் வெட்டலாம். அதற்கு முன் அவருடைய பழைய போட்டோ ஒன்றை எடுத்து, மீசை உதட்டைத் தாண்டி எவ்வளவு இறங்கும், நுனி எப்படி முடியும் என்று நீங்கள் பார்த்து, அவருக்கும் காட்டுங்கள். கத்தரிக்கோலை அவர் முன்னால் நீட்டிவிட்டு முகத்தைப் பாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு வேண்டாம். பார்த்துக்கொள்ள வரும் ஆளிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். உங்கள் அப்பா சாப்பிடாமல் இருந்தது அவர் சொன்ன பேச்சு, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

சட்டை மாற்றும்போது விழுந்த கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது நல்ல கை முதலில். நான்கு மாதம்தான் ஆகிறது, பேச்சுப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். கை காலுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) தர, தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வழித்து முடித்ததும் கண்ணாடி காட்டுங்கள். வலப்பக்கப் பார்வையும் குறைந்திருக்கலாம், அதனால் சற்று இடப்பக்கமாகப் பிடியுங்கள். அவர் பார்த்து முடிக்கும் வரை கையை எடுக்காதீர்கள். அப்போது "போடா" என்றால், "சரிப்பா" என்று சொல்லுங்கள்.