செவ்வாயில் இறங்கும் கலங்கள்: எதில் சிக்கனம் பார்க்கலாம், எதில் கூடாது?

செவ்வாய் லேண்டர்களின் செலவு பற்றியும் வடிவமைப்பு பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கிட்டத்தட்ட எல்லாக் கேள்விகளும் ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: கையில் இருக்கிற பணத்தை எங்கே போடுவது?

கேள்வி: ஐயா, நாசாவின் கியூரியாசிட்டி வண்டி ஒன்றுக்கே 250 கோடி டாலர். அந்தப் பணத்தில் பாத்ஃபைண்டர் மாதிரி எட்டு ஒன்பது சின்னக் கலங்களை அனுப்பியிருக்கலாமே?

பதில்: வகுத்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வரும். 1997 ஜூலை 4 அன்று இறங்கிய பாத்ஃபைண்டருக்கு மொத்தமாகவே சுமார் 26.5 கோடி டாலர்தான் ஆனது. ஆனால் அது கொண்டுபோன சோஜர்னர் ரோவரின், அதாவது தரையில் ஓடும் வண்டியின், எடை பத்தரை கிலோ. கியூரியாசிட்டி 899 கிலோ. பாறையைத் துளைத்து, அந்தப் பொடியைத் தன் வயிற்றுக்குள் இருக்கும் அடுப்பில் சூடாக்கி, கிளம்பும் வாயுவை அளக்கிற வேலை சின்ன வண்டிகள் ஒன்பது சேர்ந்தாலும் நடக்காது. அப்புறம், கலம் எவ்வளவு சிறிதானாலும் வெப்பக் கவசம், பாராசூட், ரேடார், ராக்கெட் எல்லாம் வேண்டும். எடை பாதியானால் செலவும் பாதியாகிவிடாது.

எனக்குப் பிடித்தது நடுவழி. 2004இல் இறங்கிய ஸ்பிரிட்டும் ஆப்பர்ச்சூனிட்டியும் ஒரே வடிவமைப்பில் செய்த இரண்டு வண்டிகள். யோசிப்பதற்கான செலவு ஒரு முறைதான். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 80 கோடி டாலர். 90 நாள் உழைத்தால் போதும் என்று அனுப்பிய ஆப்பர்ச்சூனிட்டி 2018 ஜூன் வரை நம்மோடு பேசியது.

கேள்வி: கலத்தைச் சுற்றி ஊதி, மோதலைத் தாங்கும் பையான ஏர்பேக் பாத்ஃபைண்டர், ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என மூன்று முறையும் நாசாவுக்குக் கைகொடுத்ததே. அதை ஏன் விட்டார்கள்?

பதில்: எடைதான் காரணம். ஸ்பிரிட் 180 கிலோ சொச்சம். வண்டி கனக்கக் கனக்க அதைத் தாங்கும் பையும் தடிக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் பையே எடையைத் தின்றுவிடும். கூடவே, உருண்டு நின்ற கலத்தை நிமிர்த்த இதழ் போல விரியும் தட்டுகள் வேண்டும், வண்டி இறங்கச் சரிவுப் பாதை வேண்டும். கியூரியாசிட்டியை இறக்கிய ஸ்கை கிரேன் முறையில் இவை எதுவும் இல்லை. மேலே ராக்கெட் மேடை மிதக்க, ரோவரைக் கயிற்றில் தொங்கவிட்டு அதன் சக்கரங்களின் மேலேயே இறக்கிவிடுகிறார்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும் தேவையில்லாத சுமை குறைவு. அதே முறை 2021இல் பெர்சிவரன்ஸ் ரோவருக்கும் பயன்பட்டது.

கேள்வி: அண்ணா, திட்டத்தின் பட்ஜெட்டைக் குறைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எதை வெட்டுவீர்கள்?

பதில்: ஒரு அறிவியல் கருவியை வெட்டுவேன். மனசு வலிக்கும், ஆனாலும் அதைத்தான் வெட்டுவேன். சோதனையையும், இறங்கும்போது கலம் அனுப்பும் தகவலையும் தொட விடமாட்டேன்.

1999 டிசம்பர் 3 அன்று நாசாவின் மார்ஸ் போலார் லேண்டர் வளிமண்டலத்துக்குள் போனது. இறங்கும்போது தகவல் அனுப்பும் வசதி அதில் இல்லை. செலவையும் எடையையும் மிச்சப்படுத்த விட்டுவிட்டார்கள். கலம் தொலைந்தபின் விசாரணைக் குழுவுக்குக் கிடைத்தது மௌனம் மட்டுமே. கால்கள் விரியும்போது ஏற்பட்ட அதிர்வை, தரையைத் தொட்டுவிட்டதாக சென்சார் தவறாகப் பதிந்திருக்கும், அதை நம்பிய மென்பொருள் சுமார் 40 மீட்டர் உயரத்தில் எஞ்சினை நிறுத்தியிருக்கும் என்பதுதான் அவர்கள் வந்து சேர்ந்த முடிவு. அதுவும் "பெரும்பாலும் இப்படித்தான்" என்ற அளவில்தான். முழுமையாகச் சோதித்திருந்தால் பூமியிலேயே பிடிபட்டிருக்கக்கூடிய பிழை அது.

பிரிட்டனின் பீகிள் 2 லேண்டர் கதை இன்னும் வருத்தமானது. 2003 கிறிஸ்துமஸ் அன்று இறங்க வேண்டிய கலம், அதுவும் இறங்கும்போது பேசாது. 2015இல் சுற்றுக்கலன் எடுத்த படங்களில்தான் அது உடையாமல் தரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சூரியத் தகடுகள் முழுவதும் விரியவில்லை. எல்லாம் விரிந்தால்தான் ஆன்டெனா வெளியே தெரியும். இடமும் எடையும் நெருக்கியதால் எடுத்த முடிவு அது. இறங்கிவிட்டது என்ற நல்ல செய்திகூடப் பதினொரு வருடம் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி லேண்டரைப் பாருங்கள். 2016 அக்டோபர் 19 அன்று அதுவும் மோதி நொறுங்கியது. ஆனால் கடைசி வரை தகவல் அனுப்பிக்கொண்டே விழுந்தது. பாராசூட் விரிந்தபின் சுழற்சியை அளக்கும் கருவி தன் எல்லையைத் தொட்டது, அதனால் கணினி உயரத்தைத் தரைக்குக் கீழே என்று கணக்கிட்டது, சுமார் 3.7 கிலோமீட்டர் உயரத்திலேயே இறங்கிவிட்டதாக நினைத்தது என்று தொடர் அறுபடாமல் காரணம் கிடைத்தது. அடுத்த கலத்தைக் கட்டுகிறவருக்கு இதைவிட மதிப்பான பொருள் இல்லை.

கேள்வி: இன்சைட் லேண்டரின் தகடுகளில் தூசி படிந்து உயிர் போனது. ஒரு பிரஷ் வைக்க முடியாதா?

பதில்: நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முடியும்தான். ஆனால் பிரஷ் என்றால் மோட்டார், கம்பி, குளிரில் உறையாத மூட்டு, இவை எல்லாவற்றுக்கும் சோதனை. அந்த எடையில் தகட்டையே பெரிதாக்கிவிடலாம் என்று பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். திட்டமிட்டது ஒரு செவ்வாய் ஆண்டு. 2018 நவம்பரிலிருந்து 2022 டிசம்பர் வரை நான்கு பூமி ஆண்டுகள் ஓடியது. ஆகவே அந்த முடிவைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். 2021இல் கலத்தின் இயந்திரக் கையால் மணலை அள்ளித் தகட்டின் பக்கத்தில் தூவி, காற்றில் பறக்கும் மணலைக் கொண்டே தூசியைக் கொஞ்சம் தட்டிவிட்டார்கள். பணமே செலவாகாத அந்த யோசனையை நினைத்தால் இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

கேள்வி: அணுசக்தி மின்கலம் வைத்தால் தூசிப் பிரச்சினையே இல்லையே?

பதில்: இல்லைதான். ஆனால் விலை மிக அதிகம், அதற்கான புளூட்டோனியம்-238 கொஞ்சமாகத்தான் கிடைக்கிறது. இவ்வளவுக்கும் தொடக்கத்தில் வருவது சுமார் 110 வாட் மின்சாரம். சின்ன லேண்டருக்குக் கட்டுபடியாகாது.

கேள்வி: கடைசி நேரத்தில் ஒரு கோளாறு தெரிந்தால் சில மாதம் தள்ளிப்போடலாம் அல்லவா?

பதில்: சில மாதம் என்ற பேச்சே இல்லை. பூமியும் செவ்வாயும் தோதாக அமைவது 26 மாதத்துக்கு ஒருமுறை. இன்சைட்டின் நிலநடுக்கமானி இருந்த வெற்றிடப் பெட்டியில் கசிவு வந்ததால் 2016 பயணம் 2018க்குப் போனது. கூடுதல் செலவு சுமார் 15 கோடி டாலர். கலம் கிடங்கில் சும்மா இருந்தாலும் குழுவுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆனாலும் தள்ளிப்போட்டது சரி. கசிவோடு போயிருந்தால் செவ்வாயின் உட்புறம் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தெரிந்திருக்காது.

கேள்வி: இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரில் செல்போன் சிப் வைத்தார்களாமே. லேண்டரிலும் வைத்தால் மிச்சம்தானே?

பதில்: வைத்தது உண்மை, ஸ்னாப்டிராகன் 801. ஆனால் ஹெலிகாப்டர் தோற்றாலும் அதைக் கொண்டுபோன பெர்சிவரன்ஸ் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அங்கே துணிய முடிந்தது. ஐந்து முறை பறக்கத் திட்டமிட்டது 72 முறை பறந்தது. தரைக்கு வந்தபின் செய்கிற வேலைகளுக்கு அந்தச் சிப்பைத் தாராளமாக நம்பலாம். இறங்குகிற அந்த ஏழு நிமிடத்தை மட்டும் அதனிடம் தனியாக ஒப்படைக்க நான் சம்மதிக்கமாட்டேன். நடுவில் நின்றுபோனால் மறுபடி தொடங்க அங்கே நேரம் கிடையாது.