எல்.எச்.பி. பெட்டியில் துரு: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் மார்த்தாண்டம் பக்கம். மாதிரி ரயில்கள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. எச்.ஓ. அளவில், அதாவது 1:87இல், விவேக் எக்ஸ்பிரஸின் பெட்டிகள் நான்கு வைத்திருக்கிறேன். போன மாதம் ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் பேனா போன்ற கருவி, வாங்கி அதில் ஒன்றைப் பழைய பெட்டிபோல ஆக்கிப் பார்த்தேன். அமெரிக்காவில் செய்கிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். கன்னியாகுமரி வண்டி, கடற்காற்று உண்டே என்று துருவைக் கொஞ்சம் தாராளமாகவே அடித்தேன். படங்கள் இணைத்திருக்கிறேன். எங்கோ சரியாக வரவில்லை என்று தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. என்னிடம் இருப்பது 0.3 மி.மீ. ஊசி. 0.2 வாங்கினால் சரியாகுமா? அக்ரிலிக் நல்லதா, எனாமல் நல்லதா? சில நாள் பெயின்டோடு தண்ணீரும் சேர்ந்து துப்புகிறது, இது கம்ப்ரஸர் கோளாறா? நம் பெட்டியை 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுவதே தப்பு என்கிறார் ஒரு நண்பர். என் அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெட்டியைப் பார்த்துவிட்டு, "நல்லா இருந்த சாமானத்த ஏம்ல நாசமாக்குன?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்ல? பிள்ளை தூங்கிய பிறகு ராத்திரி படுக்கையறையில் வைத்துத்தான் இதெல்லாம் செய்கிறேன். என் பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

ஊசியை முதலில் முடித்துவிடுவோம். 0.3 போதும். 0.2 அடிக்கடி அடைத்துக்கொள்ளும், அதைக் கழுவிக் கழுவியே உங்கள் ராத்திரி போய்விடும். தண்டவாளம் விஷயத்தில் நண்பர் சொல்வது சரி. 16.5 என்பது 1,435 மி.மீ. பாதைக்கான கணக்கு, நம்முடைய 1,676 மி.மீ. அகலப்பாதையை 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும். ஆனால் கடையில் கிடைக்கும் எஞ்சினும் தண்டவாளமும் 16.5க்குத்தான் செய்யப்பட்டவை. ஓட்டுங்கள்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்களுக்கு நல்ல கை. பெயின்டின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் மங்கிப் போகிறது. இது எல்லோருக்கும் வராது. எனக்குக் கோபம் வந்ததும் அதனால்தான். இவ்வளவு நல்ல கையை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியின் மேல் ஒரு பொய்யை அடித்திருக்கிறீர்கள்.

விவேக் எக்ஸ்பிரஸ் இப்போது ஜெர்மன் வடிவமைப்பில் வந்த புதுவகை எல்.எச்.பி. பெட்டிகளோடு ஓடுகிறது. உங்கள் மாடலும் சிவப்பும் சாம்பலுமான அதே பெட்டி. அதன் பக்கச் சுவரும் கூரையும் துருப்பிடிக்காத எஃகு. அதில் பெயின்ட் மங்கும், உரசிய தடம் விழும், அழுக்கு படியும். ஆனால் நீங்கள் அடித்திருப்பதுபோல ஜன்னலுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் துரு வெடித்துக் கிளம்பாது. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டி என்றால் பேச்சு வேறு. அதிலும் துருவுக்கென்று இடங்கள் உண்டு: கழிவறையின் அடிப்பக்கம், வாசல்படியின் ஓரம், ஜன்னல் சட்டத்தின் கீழ்விளிம்பு. தண்ணீர் எங்கே தேங்குமோ அங்கே. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். உங்கள் துருத்திட்டு ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. அதை 87ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு மேல் வருகிறது. ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுவர் அரித்துப்போன பெட்டியில் ஜனங்களை ஏற்றி அசாமின் திப்ருகரிலிருந்து அனுப்புவார்களா?

நீங்கள் பார்த்த வீடியோக்கள் அமெரிக்கச் சரக்கு வாகன்களைப் பற்றியவை. அவை ஒருமுறை அடித்த பெயின்டோடு பல வருஷம் வெயிலிலும் பனியிலும் கிடப்பவை. அவர்கள் தங்கள் ஊர் வாகனைப் பார்த்து அடிக்கிறார்கள், அவர்கள் செய்வது சரி. நீங்கள் அவர்கள் ஊர் வாகனின் துருவை எடுத்து நம்மூர் பெட்டியில் ஒட்டியிருக்கிறீர்கள்.

சில மாதங்களாகவே இது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. எங்கே பார்த்தாலும் பொருள்களைப் பழசாக்குகிறார்கள். நேற்றுக் கட்டிய ஹோட்டலில் சுவரைக் கொத்திவிட்டுக் காரை பெயர்ந்ததுபோல விடுகிறார்கள். புதுக் கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நூறு வருஷம் ஆட்கள் புழங்கிய கதவு என்கிறார்கள். ஆள் புழங்கினால் கதவு எங்கே தேயும்? தாழ்ப்பாள் பக்கம் தேயும், கைபடும் உயரத்தில் தேயும், கீழே கால் தட்டும் இடத்தில் தேயும். இவர்களோ நாலு மூலையையும் ஒன்றுபோலத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு பொருள் பழசாவதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் வந்து தொட்ட இடம் வேண்டும். இரண்டும் இல்லாத பழசைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த நேரத்தில்தான் உங்கள் படங்கள் வந்தன.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர் என் மாமா. வடசேரியில் டிங்கர் பட்டறை வைத்திருந்தார். லாரி, வேன், ஜீப் எல்லாவற்றுக்கும் பட்டி பார்த்து ஸ்ப்ரே கன்னால் பெயின்ட் அடிப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் கிடப்பேன். வண்டி உள்ளே வந்ததும் கழுவ விடமாட்டார். "மக்கா, இது எங்க போய்ட்டு வருகுன்னு சொல்லு பாப்போம்" என்பார். சக்கரத்து வளைவுக்குள் செம்மண் அப்பி, அதில் ரப்பர் இலை ஒட்டியிருந்தால் பேச்சிப்பாறைப் பக்கத்து எஸ்டேட் வண்டி. தளத்துப் பலகை இடுக்கில் கறுப்பு மணல் மினுங்கினால் மணவாளக்குறிச்சி. முன்பக்கம் முழுக்க மெல்லிய புழுதி ஒரே சீராகப் படிந்து, பின்னால் மட்டும் திட்டுத்திட்டாக இருந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு எதிரே வந்த வண்டி. குளச்சலிலிருந்து மீன் ஏற்றும் லாரிகளுக்குத் துரு எப்போதும் பின்னாலிருந்துதான் தொடங்கும். ஐஸ் உருகி உப்புத்தண்ணீர் வடிவது பின்கதவு வழியாக. சேஸின் வால் முனை அரித்துப் போயிருக்கும், முன்பாதி நன்றாக இருக்கும். மாமா அந்த வால் முனையில் விரலால் தட்டிக் காட்டுவார். தட்டினால் ஏடு ஏடாகக் கழன்று விழும். அங்கே முதலில் அடிப்பது ரெட் ஆக்சைடு என்ற செந்நிற அடிப்பூச்சு. அந்த நிறத்துக்கும் துருவின் நிறத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அங்கே நின்று பார்த்தவனுக்குத் தெரியும். புதுத் துரு ஆரஞ்சு. பழைய துரு காப்பிக்கொட்டை நிறம், சில இடத்தில் கறுப்பே. ஒரே டப்பாவிலிருந்து அடித்தால் அது துருவாகாது.

உப்பு என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு வருகிறேன். கடற்காற்றில் உப்பு உண்டு. உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஈரம் இரும்பைத் தின்னும். எல்லாம் சரி. ஆனால் கன்னியாகுமரியில் உங்கள் வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது? வரும், கழுவுவார்கள், கிளம்பிவிடும். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டி அது. அதன் உடம்பில் படிவதில் பெரும்பங்கு அசாம் முதல் கேரளம் வரையுள்ள தூசியும் மழையும்தான். உப்பு தின்பது அங்கேயே கிடக்கிற இரும்பை. வேலிக்கம்பி, கேட், ஓரமாகப் போட்டு வைத்திருக்கும் பழைய தண்டவாளத் துண்டு. கடல் வேண்டும் என்றால் ஸ்டேஷன் மாடல் செய்து அந்த வேலியில் அடியுங்கள்.

எங்கள் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979இல்தான், திருவனந்தபுரத்திலிருந்து. திருநெல்வேலிப் பக்கத்து இணைப்பு 1981இல் வந்தது. அப்போதைய பெட்டிகள் செங்கல் நிறம். அந்த நிறத்தில் தூசி தெரியாது, மழை ஒழுகிய கோடு மட்டும் தெரியும். பிறகு நீலம் வந்தது, நீலத்தில் எல்லாமே தெரிந்தது. எந்த நிறத்துக்கு மேல் அடிக்கிறோம் என்பதும் கணக்கில் உண்டு. சிவப்புப் பெட்டியில் பழுப்பு அழுக்கு அடித்தால் அது நிழல்போலத்தான் நிற்கும். அது போதவில்லை என்றுதான் நீங்கள் ஆரஞ்சுக்குப் போயிருக்கிறீர்கள்.

இனி கைவேலை. அக்ரிலிக்கா எனாமலா என்றால், இரண்டும். அடிநிறம் அக்ரிலிக்கில் இருக்கட்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகு மேலே ஒரு கோட் வார்னிஷ். அழுக்கு மட்டும் எனாமலில். அப்படியென்றால் பிடிக்காத அழுக்கை டர்ப்பன்டைன் தொட்ட பிரஷால் துடைத்துவிடலாம், அடிநிறம் போகாது. துடைப்பது தப்பைத் திருத்துவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பாதி வேலை துடைப்பதில்தான் இருக்கிறது. நாகர்கோவில் ஜங்ஷனில் பெட்டி கழுவுகிறவர்கள் நீளக்கம்புப் பிரஷால் மேலிருந்து கீழாக இழுப்பார்கள். பக்கச் சுவரில் பிரஷ் ஓடும். பெட்டியின் இரண்டு முனைகள், ஜன்னல் சட்டத்தின் மூலை, கைப்பிடிக்குப் பின்னால், இங்கெல்லாம் ஓடாது. நீங்களும் முதலில் முழுக்க மெல்லியதாக அடித்துவிட்டு, தட்டைப் பிரஷால் மேலிருந்து கீழாக இழுங்கள். எங்கே பிரஷ் எட்டவில்லையோ அங்கே அழுக்கு தானாகவே மிஞ்சும்.

பெயின்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, அழுக்குக்கு அதற்கும் மேலே நீர்க்க விடுங்கள். காற்றழுத்தம் 12 முதல் 15 பி.எஸ்.ஐ. போதும். அடிச்சட்டத்துக்கும் போகிக்கும் (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) கீழிருந்து மேல்நோக்கி அடியுங்கள், ஏனென்றால் அங்கே அழுக்கு சக்கரத்திலிருந்து மேலே தெறிப்பது. ஐ.சி.எஃப். பெட்டியில் பிரேக் கட்டை சக்கரத்தையே உரசும், அந்த இரும்புத்தூள் சுற்றிலும் பழுப்பாகப் படியும். உங்கள் எல்.எச்.பி.யில் பிரேக் தட்டு அச்சில் இருக்கிறது. ஐ.சி.எஃப். அளவுக்குப் பழுப்பு வேண்டாம், சாம்பலைக் கூட்டுங்கள். அடிக்கும்போது சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். தண்டவாளத்தைத் தொடும் விளிம்பில் பெயின்ட் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிசிறு போலத் திரண்டு ஓட்டம் கெடும்.

தண்ணீர் துப்புவது கோளாறு இல்லை. நமக்கு ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகிறது. குழாயில் ஒரு ஈரவடிப்பான் மாட்டுங்கள், டேங்க் இருந்தால் வேலை முடிந்ததும் வடித்துவிடுங்கள். அடைமழை நாளில் லாக்கர் வகைப் பெயின்ட் அடிக்காதீர்கள், வெள்ளை பூத்துவிடும்.

படுக்கையறை. தம்பி, இதை இவ்வளவு சாதாரணமாக எப்படி எழுதினீர்கள்? பிள்ளை தூங்கும் வீட்டில், கதவு சாத்திய அறையில் எனாமலும் தின்னரும் அடிக்கிறீர்கள். மாமா காலமெல்லாம் மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அடித்தார், கடைசிக் காலத்தில் படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுவார். தூசிக்குப் போடும் மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வாங்குங்கள். 0.2 ஊசிக்கு ஒதுக்கிய பணத்தை அதற்குக் கொடுங்கள். வேலையை வராந்தாவுக்கோ மொட்டைமாடிக்கோ கொண்டுபோங்கள், பகலில் செய்யுங்கள். அது முடியாதென்றால் இந்த வேலையே வேண்டாம்.

அப்பாவுக்கு என்ன பதில் சொல்ல என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சொன்னது நியாயம், அந்தப் பெட்டி விஷயத்தில் நான் அவர் பக்கம். ஆனால் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டிய மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு நீங்கள் அமெரிக்காவில் போய்ப் பாடம் கேட்டிருக்கிறீர்கள். பஸ்ஸின் எந்தப் பக்கம் முதலில் அழுக்காகும், மழையில் தண்ணீர் எந்த வழியாக ஒழுகும், எந்தப் படி முதலில் தேயும், எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிளாட்பார டிக்கெட் எடுத்து அவரை நாகர்கோவில் ஜங்ஷனுக்குக் கூட்டிப் போங்கள். இன்னொரு நாள் இரணியல். அங்கே செம்மண் வெட்டுக்கு நடுவே வரும் பாதையில் கீழ்ச்சட்டம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களைவிட அவர் கண்ணுக்கு முதலில் படும்.

போகும்போது நடைமேம்பாலத்தில் ஏறி நின்று பெட்டிகளின் கூரையையும் பாருங்கள். நிஜ ரயிலை நாம் பக்கவாட்டில் பார்க்கிறோம், மேஜை மேல் ஓடும் ரயிலை மேலிருந்து பார்க்கிறோம். மாடலில் முதலில் கண்ணில் படுவது கூரைதான். அங்கே கழுவுகிற பிரஷ் எட்டுவதில்லை, ஏ.சி. பெட்டியின் குளிர்சாதன மூடிகளைச் சுற்றி அழுக்கு வேறு மாதிரி கட்டும், ஏ.சி. இல்லாத பெட்டிக்கு அது கிடையாது. நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றில்கூடக் கூரை இல்லை. அடுத்த பெட்டியைக் கூரையிலிருந்து தொடங்குங்கள், அந்தப் படத்தை முதலில் அனுப்புங்கள்.