சாக்ஸபோனில் ‘சி’ வாசித்தால் ‘சி’ ஏன் கேட்பதில்லை? – கேள்வி பதில்

முதலில் ஒரு வேண்டுகோள். கேட்கும்போதே உங்கள் சாக்ஸபோன் ஆல்டோவா, டெனரா, பாரிடோனா (சிறியதிலிருந்து பெரியதாக மூன்று அளவுகள்) என்று சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் பாதிக் கேள்விகளுக்குப் பதிலே கிடையாது.

கேள்வி: நண்பர் பியானோவில் சி வாசிக்கிறார்; நானும் ஆல்டோவில் சி வாசிக்கிறேன். காது கூசுகிறது. வாத்தியத்தில் பழுதா?

பதில்: பழுது ஒன்றுமில்லை. ஆல்டோவில் சி-க்கு விரல் வைத்தால் பியானோவின் இ ஃபிளாட்தான் (இ-யைவிட அரைப்படி தாழ்ந்த ஸ்வரம்) ஒலிக்கும். ‘இ ஃபிளாட் ஆல்டோ’ என்ற பெயருக்குப் பொருளே அதுதான். டெனரில் அதே சி, பி ஃபிளாட்டாகக் கேட்கும். உங்கள் இசைக்குறிப்புத் தாளிலுள்ள ‘சி’, எந்த விரலை எங்கே வைப்பது என்று மட்டுமே சொல்கிறது. என் மனம் இதை ஒப்புக்கொள்ள ஒரு வருடம் பிடித்தது. நண்பரின் சி-யோடு சேர, ஆல்டோவில் ஏ வாசியுங்கள். டெனராக இருந்தால் டி.

கேள்வி: பியானோவுக்கு எழுதுவதுபோலவே சாக்ஸபோனுக்கும் எழுதிவிட்டால் என்ன கெட்டுவிடும்?

பதில்: உங்கள் நிம்மதிதான் கெடும். அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பிரான்சில் காப்புரிமை பெற்றபோதே, சிறிதும் பெரிதுமாக ஒரு குடும்பத்தையே பதிவு செய்தார். குழாய் நீள நீள ஒலி தாழும். விரல் வைப்பு மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே. ஆல்டோ கற்றவர் டெனரைக் கையில் எடுத்த அன்றே தாளைப் பார்த்து வாசிக்கலாம். மாற்றும் தொல்லையை எழுதுபவர் முன்பே சுமந்துவிடுகிறார். ரெக்கார்டர் குழலில் ஸ்வரத்தின் உண்மைப் பெயரையே எழுதும் வழக்கம் உண்டு. அதனால் சோப்ரானோவுக்கு ஒன்று, ஆல்டோவுக்கு ஒன்று என இரண்டு விரல் வைப்புகளை மனப்பாடம் செய்கிறார்கள். எது எளிது என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: பாடல் ஜி மேஜரில் இருக்கிறது. ஆல்டோவில் எந்த ஸ்கேல்?

பதில்: இ மேஜர். பாடலின் ஸ்கேலிலுள்ள ஷார்ப்களோடு (ஸ்வரத்தை அரைப்படி உயர்த்தும் குறிகள்) ஆல்டோ, பாரிடோனுக்கு மூன்று கூட்டுங்கள். டெனர், சோப்ரானோவுக்கு இரண்டு. ஃபிளாட் இருந்தால் ஒரு ஷார்ப் ஒரு ஃபிளாட்டைத் தின்றுவிடும். ஜி மேஜரில் ஒரு ஷார்ப். மூன்று சேர்த்தால் நான்கு, அது இ மேஜர். எஃப் மேஜரில் ஒரு ஃபிளாட். அது போக இரண்டு ஷார்ப் மிஞ்சும், ஆகவே டி மேஜர். பாடல் பி மேஜரில் வந்தால்தான் வம்பு: ஐந்தும் மூன்றும் எட்டு ஷார்ப். அப்படி யாரும் எழுதுவதில்லை. அதே ஒலிகளை ஏ ஃபிளாட் மேஜர் என்று நான்கு ஃபிளாட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஆல்டோ, தங்கை டெனர். ஒரே தாளைப் பார்த்துச் சேர்ந்து வாசிக்கலாமா?

பதில்: வாசிக்கலாம். ஆனால் தங்கையின் ஒவ்வொரு ஸ்வரமும் உங்களுடையதைவிட நான்கு ஸ்வர இடைவெளி, அதாவது ச-விலிருந்து ம வரையுள்ள தூரம், கீழே ஒலிக்கும். ஒரே ஒலி வேண்டுமென்றால் அவருக்கு அதே அளவு மேலே எழுதிக் கொடுங்கள்: உங்கள் சி, அவருக்கு எஃப்.

கேள்வி: மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனை) வெளியே இழுத்து ஆல்டோவை சி சுருதிக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: முடியாது. அது சுருதியைச் சற்றே திருத்திக்கொள்ளத்தான். அதிகம் இழுத்தால் ஸ்வரங்களுக்கு இடையிலான உறவே கெட்டுவிடும்.

கேள்வி: நடு சி ஷார்ப்பிலிருந்து டி-க்குப் போகும்போது ஒலி உடைகிறது. ஏன்?

பதில்: சி ஷார்ப்பில் விரல் எதையும் அழுத்துவதில்லை, அடுத்த டி-க்கு ஆறு விரல்களும் ஆக்டேவ் கீயும் (ஒலியை மேல் ஸ்தாயிக்கு ஏற்றுவது) ஒரே கணத்தில் இறங்க வேண்டும். ஒரு விரல் பிந்தினாலும் இடையில் வேறொரு ஒலி எட்டிப்பார்க்கும். விரல்களைக் கீகளுக்கு மேல் உயரத் தூக்காதீர்கள். இரண்டு ஸ்வரங்களை மட்டும் மிக மெதுவாக, மூச்சை நிறுத்தாமல் மாற்றி மாற்றி வாசியுங்கள். சலிப்பான பயிற்சிதான், இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ஏ வாசித்தால் டியூனர் (சுருதி காட்டும் கருவி) சி காட்டுகிறது!

பதில்: ஆல்டோதானே? டியூனர் பொய் சொல்லவில்லை. அதன் அமைப்பில் ‘இ ஃபிளாட்’ இருந்தால் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பாரிடோன் வாசிக்கிறேன். கையில் டிராம்போன் தாள், பேஸ் க்ளெஃப் (தாழ்ந்த ஒலிகளுக்கான வரித்தொடக்கக் குறி). எழுதி மாற்ற நேரமில்லை.

பதில்: எழுதவே வேண்டாம். அந்த க்ளெஃப்பை டிரெபிள் க்ளெஃப் (உங்கள் சாக்ஸபோன் தாளில் வழக்கமாக வருவது) என்று பாவித்து, மூன்று ஷார்ப் கூட்டி வாசியுங்கள். கீழ்க்கோட்டிலுள்ள ஜி உங்களுக்கு இ ஆகும். ஒலிப்பதும் சரியான ஜி, ஆக்டேவ்கூட மாறாது. ஆல்டோவில் இதையே செய்தால் ஒரு ஆக்டேவ் மேலே கேட்கும். நடுவில் வரும் தனிக் குறிகளில் மட்டும் கவனம்: நீங்கள் எஃப், சி, ஜி என்று படிக்கும் இடங்களில் ஃபிளாட் வந்தால் அது வெறும் ஸ்வரம், நேச்சுரல் (ஷார்ப், ஃபிளாட்டை நீக்கும் குறி) வந்தால் ஷார்ப்.