பாடியது அவர்தான், பாட்டு யாருடையது?

கேள்வி: காட்சித் தொடர்பியலில் முதுகலை படிக்கிறேன். தொலைக்காட்சியால் பெயர் பெற்ற அமெரிக்கப் பாப் பாடகர் ஒருவரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். நான் எடுத்துக்கொண்டவர் டேவிட் கேசிடி. தயாரிப்பாளர்கள் செய்துவைத்த பொம்மை என்று எங்கள் பேராசிரியர் அவரை ஒரே வரியில் ஒதுக்குகிறார். ரசிகர்களோ, உலகம் புரிந்துகொள்ளத் தவறிய கலைஞர் என்று உருகுகிறார்கள். உண்மையிலேயே அவர்தான் பாடினாரா? 24 வயதில், உச்சத்தில் இருந்தபோது ஏன் விலகினார்? அதற்குப் பிறகான நாற்பது ஆண்டுகளைத் தோல்வி என்று எழுதலாமா?
முதுகலை மாணவி, திருச்சி

பதில்: பாடியது அவர்தான்; அந்த ஐயத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். ஆனால், பாடியவர் அவர் என்பதாலேயே பாட்டு அவருடையதாகிவிடவில்லை. குரல் அவருடையது, அந்தக் குரலை எந்தப் பாட்டுக்கு, எந்தப் பெயரில், எந்த முகத்தோடு விற்பது என்கிற உரிமை வேறு கைகளில் இருந்தது. உங்கள் பேராசிரியரும் ரசிகர்களும் குரலைப் பற்றி வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் உரிமையைப் பற்றி எழுதினால் கட்டுரைக்குப் புதிதாகச் சொல்ல ஏதாவது இருக்கும்.

'தி பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி' 1970 செப்டம்பர் 25 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 1974 மார்ச் வரை நான்கு பருவங்களில் 96 பகுதிகள் ஓடியது. கணவரை இழந்த தாயும் அவருடைய ஐந்து பிள்ளைகளும் பலவண்ணம் பூசிய ஒரு பழைய பள்ளிப் பேருந்தில் ஊர் ஊராகப் போய்ப் பாடுவதுதான் கதை. கௌசில்ஸ் என்ற உண்மையான குடும்ப இசைக்குழுவைப் பார்த்து எழுந்த யோசனை அது. மூத்த மகன் கீத் வேடம் கேசிடிக்குக் கிடைத்தது. தாயாக நடித்தவர், 1960ஆம் ஆண்டின் திரைப்படம் ஒன்றுக்காக ஆஸ்கர் பெற்றிருந்த ஷெர்லி ஜோன்ஸ். நிஜ வாழ்க்கையிலும் அவர் கேசிடிக்குச் சிற்றன்னை. நடிகரும் பாடகருமான தந்தை ஜாக் கேசிடியின் இரண்டாம் மனைவி.

தொடரைத் தயாரித்த ஸ்க்ரீன் ஜெம்ஸ் நிறுவனத்தைச் சற்றுக் கவனியுங்கள். 1966இல், நால்வர் கொண்ட ஓர் இசைக்குழுவை மையமாக வைத்த 'தி மங்கீஸ்' தொடரைத் தந்ததும் இதே நிறுவனம்தான். அந்த நால்வரும் தங்கள் முதல் இசைத்தட்டுகளில் வாத்தியங்களைத் தாங்களே வாசிக்கவில்லை என்பது வெளியில் வந்தபோது பெரிய சர்ச்சை கிளம்பியது. பின்னணிப் பாடகரின் பெயரைச் சுவரொட்டியிலேயே போட்டுக் கொண்டாடும் நமக்கு இந்தக் கோபம் சற்று விசித்திரமாகத்தான் தோன்றும். அங்கே, தானே எழுதித் தானே வாசித்துத் தானே பாடுபவர்தான் கலைஞர் என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் வலுப்பெற்றுக்கொண்டிருந்தது. அந்த அளவுகோலில் கேசிடி தொடக்கத்திலேயே தோற்றவராகிவிட்டார். உங்கள் பேராசிரியர் கையில் இருப்பதும் ஏறக்குறைய அதே அளவுகோல்தான்.

இனி ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் போவோம். திரையில் கிட்டாரும் கீபோர்டும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் எவரும் இசைத்தட்டில் வாசிக்கவில்லை, கேசிடியைத் தவிர எவரும் பாடவும் இல்லை. வாசித்தவர்கள், டிரம்ஸ் கலைஞர் ஹால் பிளெய்ன் உள்ளிட்ட, பின்னாளில் 'ரெக்கிங் க்ரூ' என்று பெயர் பெற்ற லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கலைஞர்கள். குழுக் குரல்களைத் தந்தவர்கள் ரான் ஹிக்லின் குழுவினர். நடிகர்களில் இசைத்தட்டில் குரல் கொடுத்தவர்கள் ஷெர்லி ஜோன்ஸும் கேசிடியும் மட்டுமே. அதிலும் கேசிடியை எடுத்தது நடிப்பதற்காகத்தான். அவரும் மற்றப் பிள்ளைகளைப் போல வாயசைத்தால் போதும் என்பதே முதல் ஏற்பாடு. தனக்குப் பாடத் தெரியும் என்று சொல்லி, இசைத் தயாரிப்பாளர் வெஸ் ஃபேரலை இணங்க வைத்தவர் கேசிடிதான். இந்த மாற்றத்தின் தடம் முதல் இசைத்தட்டிலேயே பதிந்திருக்கிறது: அதில் 'ஐ'ம் ஆன் தி ரோட்', 'டு பி லவர்ஸ்' என்ற இரண்டு பாடல்களைக் குழுப் பாடகர்கள் மட்டுமே பாடியிருக்கிறார்கள், கேசிடியின் குரல் அவற்றில் இல்லை. ஒரே தட்டில் அந்த இரண்டையும் 'ஐ திங்க் ஐ லவ் யூ' பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பொம்மை என்ற வாதம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுபோகும் என்பது உங்கள் காதுக்கே புரியும்.

டோனி ரோமியோ எழுதிய அந்தப் பாட்டு, தொடர் ஒளிபரப்பாகும் முன்பே கடைக்கு வந்து, 1970 நவம்பர், டிசம்பர் மாதங்களில் மூன்று வாரம் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. குழந்தைகள் நிகழ்ச்சிக்கான பாட்டு என்று நினைத்துக் கேட்பவருக்கு அது வியப்பைத் தரும். ஹார்ப்சிகார்டு என்ற பழைய ஐரோப்பியக் கட்டை வாத்தியமும் சொல்லில்லாத கூட்டுக்குரலுமாகத் தொடங்கி, மைனர் சுருதியில் சற்றே கலவரத்தோடு நகர்கிறது. காதல் வந்துவிட்டதே என்று அஞ்சும் ஒரு பையனின் பாட்டு அது. கேசிடி அதை மூச்சை அடக்கியபடி, ரகசியம் சொல்வது போலத் தொடங்கிப் பல்லவியில் விரிக்கிறார். அது கற்றுக்கொடுத்து வருகிற காரியமல்ல. ஆனால் தட்டின் மேல் ஒட்டிய தாளைப் பாருங்கள்: பாடியவர்களின் பெயர் 'தி பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி', அதாவது இல்லாத ஒரு குடும்பம், அதற்குக் கீழே ஷெர்லி ஜோன்ஸ், டேவிட் கேசிடி கடைசியில். நான் சொன்ன உரிமைச் சிக்கலுக்கு அந்தச் சிறு தாளைவிட நல்ல சான்று உங்களுக்குக் கிடைக்காது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது கேசிடிக்கு வயது 19. அன்றைய சட்டப்படி 21 நிறையாதவர் மேஜர் ஆகமாட்டார். ஆகவே அந்தக் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது. இதைப் பிடித்துக்கொண்டு நிறுவனத்தை மறுபடி பேச்சுக்கு உட்கார வைத்தவர் அவருடைய மேலாளர் ரூத் ஆரன்ஸ். (1936இல் மேசைப்பந்தாட்டத்தில் உலகப் பட்டம் வென்ற அதே அமெரிக்க வீராங்கனைதான் இவர், இவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.) அதன்பின் சம்பளம் உயர்ந்தது, தன் பெயரில் வந்த பொருள்களிலும் அவருக்குப் பங்கு எழுதப்பட்டது. ஆனால் சாப்பாட்டுப் பெட்டி, படச்சீட்டு, சித்திரக்கதை, வண்ணம் தீட்டும் புத்தகம் என்று அந்த முகத்தைத் தாங்கி விற்றவற்றிலிருந்து தனக்குச் சேர வேண்டியது வந்து சேரவில்லை என்று அவர் கருதினார்; 2011இல், அறுபது வயதைக் கடந்த பிறகு, தொடரின் உரிமை பின்னாளில் போய்ச் சேர்ந்திருந்த சோனி நிறுவனத்தின் மீது வழக்கே தொடுத்தார். இருபது வயதை ஒட்டி எழுதிய பத்திரம் நாற்பது ஆண்டுகள் துரத்திய கதை இது. கேசிடியைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ரசிகைகளின் அலறலைப் பல பத்திகளுக்கு வருணித்துவிட்டு இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

வாரநாள்களில் படப்பிடிப்பு, அது முடிந்தால் ஒலிப்பதிவு, வார இறுதியில் விமானமேறி வேறு ஊரில் மேடைக் கச்சேரி என்று அந்த நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1972இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கை அவர் நிரப்பினார். தனிப்பாடகராக அவருக்குக் கிடைத்த முதல் வெற்றியான 'செரிஷ்' 1971இல் அமெரிக்கப் பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை வந்தது. பிரிட்டனில் 'ஹௌ கேன் ஐ பி ஷ்யூர்' 1972இலும், 'டேட்ரீமர்' 1973இலும் முதலிடம் பிடித்தன. 'செரிஷ்', 'ஹௌ கேன் ஐ பி ஷ்யூர்' இரண்டும் வேறு குழுக்கள் அறுபதுகளில் முன்னரே பாடிப் புகழ்பெற்ற பாட்டுகள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சொந்தப் பெயரில் பாடியபோதும் சொந்தப் பாட்டு அமையவில்லை. அவர் காது வைத்துக் கேட்டதோ ஜிமி ஹெண்ட்ரிக்ஸையும் ப்ளூஸ் கிட்டார் கலைஞர்களையும்.

இந்த முரண் வெடித்த இடம் ராக் இசைப் பத்திரிகையான 'ரோலிங் ஸ்டோன்' வெளியிட்ட 1972 மே மாத இதழ். அட்டையில் ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம், ஆடையில்லாத உடல் இடுப்புக்குச் சற்றுக் கீழ் வரை. உள்ளே ராபின் கிரீன் எழுதிய, கீத் பார்ட்ரிட்ஜின் தூய பிம்பத்துக்கு நேர் எதிரான கட்டுரை. அது ஒரு பையன் எல்லை மீறிய செயல் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்பந்தத்தின் வழியாகக் கைக்கு வராத முகத்தைப் பத்திரிகையின் வழியாகப் பிடுங்கிக்கொள்ள முயன்றார் என்றே படிக்கிறேன். பலன் கிட்டவில்லை, ரசிகர்கள் கீத்தையே கேட்டார்கள், ராக் இசை விமர்சகர்கள் இருவரையுமே கேட்கவில்லை.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். 1974 மே 26 அன்று லண்டன் வைட் சிட்டி மைதானத்தில் அவருடைய கச்சேரியின்போது கூட்டம் மேடையை நோக்கி நெருக்கியதில் நூற்றுக்கணக்கானோர் காயமுற்றார்கள். 14 வயதுச் சிறுமி ஒருத்தி நான்கு நாள் கழித்து உயிரிழந்தாள். இந்தத் துயரத்தால்தான் அவர் விலகினார் என்று பல இடங்களில் படிப்பீர்கள். நாள்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது பொருந்தாது. அந்தச் சுற்றுப்பயணம் தன் கடைசிப் பயணம் என்ற முடிவோடுதான் அவர் புறப்பட்டிருந்தார். தொலைக்காட்சித் தொடரும் மார்ச் மாதத்திலேயே முடிந்திருந்தது. தொடர் முடிந்ததற்கும் அவர் களைப்பு மட்டும் காரணமல்ல. கடைசிப் பருவத்தில் அதைச் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மாற்றி, அன்று அமெரிக்காவே பார்த்துக்கொண்டிருந்த 'ஆல் இன் தி ஃபேமிலி'க்கு எதிரே நிறுத்தினார்கள். பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது. ஆகவே, உச்சத்தில் துறந்தார் என்று எழுதினாலும் மிகை, சந்தை தூக்கியெறிந்தது என்று எழுதினாலும் மிகை. வைட் சிட்டி அவர் மனத்தில் நீங்காத வடுவாகியது என்று எழுதுங்கள். விலகலுக்குக் காரணமாக்க வேண்டாம்.

அதன் பிறகான ஆண்டுகளை 'தோல்வி' என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டால், அவருடைய வாழ்க்கையில் மிகச் சுவையான பகுதி வெளியே போய்விடும். ஆர்சிஏ நிறுவனத்துக்காக 1975, 1976 ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகள் செய்தார். பாடல் எழுதுவதிலும் தயாரிப்பிலும் அவருக்குக் கை இருந்த தட்டுகள் இவை. பீச் பாய்ஸ் குழுவின் புரூஸ் ஜான்ஸ்டன் எழுதிய 'ஐ ரைட் தி சாங்ஸ்' பாட்டை 1975இல் பாடிப் பிரிட்டனில் பதினோராம் இடத்துக்குக் கொண்டுபோனார். சில மாதங்களில் அதே பாட்டு பேரி மனிலோவின் குரலில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அவருடைய தேர்வில் கோளாறு இல்லை. அவர் பெயரைக் கேட்டதும் அமெரிக்க வானொலிக்கு நினைவுக்கு வந்தது பள்ளிப் பேருந்து, அவ்வளவுதான்.

1978இல் 'போலீஸ் ஸ்டோரி' தொடரின் ஒரு கதையில், மாணவனாக வேடமிட்டு உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையும் காவலராக நடித்து அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருதுக்கு முன்மொழியப்பட்டார். எது அவரைச் சிறைப்படுத்தியதோ அந்த இளம் முகத்தையே, ஒரு மனிதன் வேலைக்காக அணியும் முகமூடியாக மாற்றிக் காட்டிய வேடம் அது. உடனே என்பிசி அவர் பெயரையே தலைப்பில் வைத்து, 'மேன் அண்டர்கவர்' என்று தனித் தொடராக்கியது. ஒரு பருவத்தோடு நின்றது. ஏறக்குறைய அதே கருவோடு 1987இல் வந்த '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' பெரும் வெற்றி பெற்றது என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

அவரை அளக்க மிகப் பொருத்தமான ஆள் வீட்டிலேயே இருந்தார். ஒன்றுவிட்ட சகோதரர் அல்லர், தந்தை வழியில் ஒரே இரத்தமான தம்பி ஷான் கேசிடி, 1977இல் தொலைக்காட்சித் தொடரும் முதலிடம் பிடித்த பாட்டுமாக அண்ணன் போன அதே சாலையில் வந்தார். ஆனால் அவர் சில ஆண்டுகளிலேயே கேமராவுக்குப் பின்னே போய்த் தொடர் எழுதுபவராகவும் தயாரிப்பாளராகவும் மாறி, 1995இல் 'அமெரிக்கன் காதிக்' தொடரை உருவாக்கினார். தம்பி உரிமை இருக்கும் பக்கமாக நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார்; அண்ணன் மேடையைவிட்டு இறங்க மனமில்லாதவர். 1993இல் இருவரும் பாடகி பெட்டுலா கிளார்க்குடன் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் 'பிளட் பிரதர்ஸ்' நாடகத்தில், பிறந்தவுடன் பிரிக்கப்பட்ட இரட்டையராகச் சேர்ந்து நடித்தார்கள். டேவிட்டின் நாடக மேடை வாழ்க்கை 1983இல் பிராட்வேயின் 'ஜோசஃப்', 1987இல் லண்டனில் 'டைம்', 1996 முதல் லாஸ் வேகஸின் எம்ஜிஎம் கிராண்டில் 'இஎஃப்எக்ஸ்' என்று நீண்டது. நாடக நடிகர்களுக்குப் பிறந்த பிள்ளை நாடக மேடைக்கே திரும்பியதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கடைசி ஆண்டுகளை நீங்கள் சுருக்கமாகவே எழுதுங்கள். குடிப்பழக்கம், குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்குகள், 2015இல் கடன் நொடிப்பு, 2017 தொடக்கத்தில் தனக்கு மறதி நோய் என்ற அறிவிப்பு, அவ்வாண்டு நவம்பர் 21 அன்று ஃப்ளோரிடாவில் 67 வயதில் மரணம். மறதி நோய் அல்ல, குடிதான் காரணம் என்று அவரே ஒப்புக்கொண்ட ஒலிப்பதிவு, மறு ஆண்டு வந்த ஆவணப்படத்தில் வெளியானது. மரண நாளிலிருந்து பின்னோக்கிப் பார்த்து 1970ஐயும் சோகமாக எழுதுவது இத்துறையில் வழக்கமாகிவிட்டது. அந்தக் குறுக்கு வழி வேண்டாம். 1970இல் அவர் மகிழ்ச்சியோடு, பசியோடு, வாயசைக்க மறுத்து ஒலிவாங்கி முன் போய் நின்ற இளைஞர்.

எழுத உட்காரும் முன் நான்கு பாட்டுகளை இந்த வரிசையில் கேளுங்கள்: கேசிடியின் குரலே இல்லாத 'டு பி லவர்ஸ்', பிறகு 'ஐ திங்க் ஐ லவ் யூ', பிறகு 1975இன் 'ஐ ரைட் தி சாங்ஸ்', கடைசியாக 1985இல் பிரிட்டனில் ஆறாம் இடம் பிடித்த 'தி லாஸ்ட் கிஸ்'. நான்காவதில் பின்னணிக் குரல் தருபவர் பிரிட்டிஷ் பாடகர் ஜார்ஜ் மைக்கேல். அவரும் அப்போது பதின்வயதினரின் சுவரொட்டி நாயகர்தான்; சில ஆண்டுகள் கழித்து, 1992இல், தன் ஒப்பந்தத்திலிருந்து விடுபடக் கேட்டு சோனி நிறுவனத்தை லண்டன் நீதிமன்றத்துக்கு இழுத்தவர். கட்டுரையில் பக்கம் மிச்சமிருந்தால் இருவரையும் சேர்த்து எழுதுங்கள். பேராசிரியர் அதை ஒரே வரியில் ஒதுக்குவது கடினம்.