வாய்க்காலோரக் கீழாநெல்லி ஈய விஷத்தை முறிக்குமா?

கேள்வி: உத்தமசோழபுரம் பக்கம் திருமணிமுத்தாற்றை ஒட்டி முக்கால் ஏக்கரில் தீவனப்புல் போட்டிருக்கிறேன். போன மாதம் ஒரு கன்று கண் தெரியாமல் சுவரில் முட்டி, இழுப்பு வந்து செத்தது. ஈய விஷமாக இருக்கலாம் என்றார் டாக்டர். மீதியுள்ள இரண்டு கறவைப் பசுக்களுக்கு வாய்க்காலோரம் தழைத்திருக்கும் கீழாநெல்லி, வல்லாரையை அரைத்துக் கொடுக்கலாமா?

பதில்: அந்த வாய்க்காலோரச் செடியை மட்டும் கிள்ளாதீர்கள். சேலத்துச் சாக்கடையும் சாயக்கழிவும் கலந்து வரும் தண்ணீர் அது. வல்லாரை சேற்றில் வேர்விட்டுப் படரும் செடி. அந்தச் சேற்றில் ஈயம் இருந்தால் இலைக்கும் ஏறிவிடும். மூலிகைச் சரக்கில் கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், கேட்மியம் 0.3 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

ஆனால் ஆற்றுத் தண்ணீரை மட்டும் சந்தேகப்பட்டு நின்றுவிடாதீர்கள். நல்லா இருந்த கன்று திடீரென்று இப்படிச் சாகிறதென்றால், பெரும்பாலும் பக்கத்திலேயே எதையோ நக்கியிருக்கும். கொட்டகையைச் சுற்றி ஒருமுறை குனிந்து பாருங்கள். பழைய டிராக்டர் பேட்டரி உடைந்து கிடக்கிறதா? கதவில் பழைய பெயின்ட் செதில் செதிலாக உரிகிறதா? பேட்டரித் தகட்டில் படிந்த பொடியைக் கன்று உப்புக்கட்டியை நக்குவதுபோல் நக்கும். அதை அப்புறப்படுத்தாமல் எந்த மருந்து கொடுத்தும் பயனில்லை.

பசு பல்லை நறநறவென்று கடித்தாலோ, தலையைச் சுவரில் அழுத்தி நின்றாலோ உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஈயத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் கால்சியம் இடிடிஏ ஊசி இருக்கிறது. மூலிகை அரைத்துக்கொண்டிருக்கும் நேரமில்லை அது.

சரி, மூலிகையால் பலனே இல்லையா? உண்டு, ஆனால் துணையாக மட்டும். நெல்லிக்காய், மஞ்சள், பூண்டு ஈயத்தால் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் சேதத்தைக் குறைப்பதாக எலிகளில் பார்த்திருக்கிறார்கள். எலும்பில் போய் உட்கார்ந்த ஈயத்தை அவை பெயர்த்தெடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. உங்கள் பசுக்களுக்கு நான் சொல்வது முருங்கைத் தழை: மேட்டுநிலத்து மரத்திலிருந்து, நாளுக்கு 2 கிலோ. கூடவே 50 கிராம் தாது உப்புக் கலவை. உடம்பில் கால்சியம் குறைந்தால் குடல் ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். மஞ்சள் சேர்ப்பதானால் கிழங்கை வாங்கி நீங்களே இடியுங்கள். நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த தூளும் விற்பனைக்கு வருகிறது.

இரண்டு பசுக்களின் ரத்தத்தையும் பாலையும், கிணற்றுத் தண்ணீரையும் ஈயத்துக்குச் சோதிக்க வேண்டும். எங்கே அனுப்புவது என்று நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். முடிவு வரும்வரை பாலைச் சொசைட்டிக்கு ஊற்ற வேண்டாம், வீட்டிலும் குடிக்க வேண்டாம். வருமானம் போகும், எனக்குத் தெரியும். ஆனால் ஈயம் பாலிலும் இறங்கும். அதைக் குடிப்பது குழந்தைகள்.