இரண்டாவது மாத்திரை எழுதினால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறார். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு ஆண்டுகளாக அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறார். போன மாதம் கிளினிக்கில் 160/94 இருந்ததால் டாக்டர் டெல்மிசார்ட்டன் 40 மி.கி.யும் சேர்த்தார். "தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. இன்றைக்கு இரண்டு என்பார்கள், நாளைக்கு மூன்று என்பார்கள்" என்று சொல்லி, அப்பா அந்த அட்டையைப் பிரிக்கவே இல்லை. பழைய மாத்திரையையே இரண்டாகப் போட்டுக்கொள்ளலாமா? ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் இரவு ஷிப்ட் என்பதால் எந்த நேரத்தில் சாப்பிடுவது? ஏற்காட்டில் இருக்கும் மாமாவோ, "ஒரு மாதம் மலைக்கு வந்து இரு, தானாக இறங்கிவிடும்" என்கிறார்.

பதில்: மாத்திரையின் எண்ணிக்கையை வைத்து நோயை எடைபோடுகிறார் உங்கள் அப்பா. ரத்த அழுத்தத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ரத்தக்குழாய் இறுகினாலும் அழுத்தம் ஏறும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைத்தாலும் ஏறும். அம்லோடிபின் குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது. டெல்மிசார்ட்டன், குழாயை இறுக்கி உப்பையும் தேக்கச் செய்கிற ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனின் வேலையைத் தடுக்கிறது. ஒரு வழியை மட்டும் அடைத்தால் உடம்பு இன்னொரு வழியில் ஏற்றப் பார்க்கும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 42 ஆய்வுகளில் பங்கேற்ற ஏறத்தாழ 11,000 பேரின் விவரங்களைத் தொகுத்து 2009இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் சுமார் ஐந்து மடங்கு என்று அது காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போய், தொடக்கத்திலேயே இரண்டு மருந்துகள் கொடுக்கலாம், முடிந்தால் ஒரே மாத்திரையாகவே கொடுக்கலாம் என்கிறது. இந்தியாவில் 1,981 பேரிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒற்றை மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆறு மாதத்தில் சுமார் 70 சதவீதம் பேர் 140/90க்குக் கீழே வந்தார்கள். எண்ணிக்கைதான் அப்பாவுக்கு உறுத்துகிறது என்றால், உங்கள் டாக்டரிடம் இரண்டும் சேர்ந்த ஒற்றை மாத்திரையைக் கேளுங்கள்; தாராளமாகக் கிடைக்கிறது.

அம்லோடிபினை 10 ஆக்குவதில் இன்னொரு தொல்லையும் உண்டு. அளவு கூடக் கூடக் கணுக்கால் வீங்கும். ஷிப்ட் முழுக்கத் தறிமுன் நிற்கிறவருக்கு மாலையில் கால் கனப்பது ஏற்கெனவே இருக்கும். டெல்மிசார்ட்டன் சேர்ந்தால் அந்த வீக்கம் பெரும்பாலும் குறைகிறது. ஆகவே டாக்டர் எழுதியது சரியான சீட்டு. தலைவலி இல்லை என்பது எதற்கும் சாட்சி ஆகாது. 160 இருக்கும் பலருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. சிறுநீரகமும் மூளையின் குழாய்களும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, அந்த 160 எப்படி எடுக்கப்பட்டது? பஸ்ஸிலிருந்து இறங்கி, மாடிப்படி ஏறி, சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்த உடனே, கையை மடிமேல் வைத்தபடி, நர்ஸ் கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே அளந்திருந்தால் எண் கூடுதலாகத்தான் காட்டும். கை மடியில் இருந்தால் மேல் அளவு சுமார் 4 புள்ளியும், பக்கவாட்டில் தொங்கினால் 6 புள்ளிக்கு மேலும் கூடுகிறது என்று 2024இல் 133 பேரிடம் செய்த ஆய்வு சொல்கிறது. அதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு 160 அசட்டையாக விடும் எண் இல்லை. தொடங்கிவிட்டு வீட்டிலும் அளந்து வாருங்கள். மேல்கையில் கட்டும் கருவியே நல்லது. டீ, காபி, பீடி முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தபின் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. தறியை நிறுத்திய கையோடு அளக்காதீர்கள். காலையும் மாலையும் ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள். வீட்டில் 135/85 என்பது கிளினிக்கின் 140/90க்குச் சமம்.

நேரம் பற்றிக் கவலை வேண்டாம். பிரிட்டனில் 21,104 பேரைக் காலையில் சாப்பிடுவோர், இரவில் சாப்பிடுவோர் என்று பிரித்து, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வித்தியாசம் இல்லை. மறக்காமல் இருப்பதுதான் முக்கியம். உங்கள் தறிக்கூடத்தில் காலை எட்டுக்கு ஷிப்ட் மாறுகிறது என்றால், பகல் வாரத்தில் கிளம்பும் முன்பும் இரவு வாரத்தில் திரும்பிய உடனேயும் அப்பா விழித்துத்தான் இருப்பார். அந்த நேரத்தையே வைத்துக்கொள்ளலாம்.

மாமாவின் யோசனை பாதி நல்லது. ஏற்காட்டில் இரவுத் தறி கிடையாது, நன்றாகத் தூங்கலாம். அதனால் கொஞ்சம் இறங்கலாம். ஆனால் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும். குளிரில் அழுத்தம் ஏறுவதுதான் வழக்கம். போகட்டும், மாத்திரையும் கூடவே போகட்டும். சேலம் கோடையில் இதற்கு நேர்மாறு: வியர்த்து, அழுத்தம் தாழ்ந்து, எழுந்து நிற்கையில் கிறுகிறுக்கலாம். அப்போது டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

உப்பு, ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், ஜவ்வரிசி வடகம், சாயங்காலத் தட்டுவடை செட் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. சீனக் கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்த ஆய்வில் அது பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்தது உண்மைதான். ஆனால் டெல்மிசார்ட்டனும் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும்; இரண்டும் சேர்ந்தால் அது அளவு மீறலாம். புதிய மாத்திரை தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் ரத்தத்தில் பரிசோதித்து, டாக்டர் சரி என்ற பிறகே அந்த உப்பை வாங்குங்கள்.